ஒரே ஒரு மாத்திரை

தேவகுமார நயினாருக்கு எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலும் சரிகையும் விற்கிற கடை அவருடையது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு ஒன்று உண்டு. காற்று பட்டால் தட்டு ஆடிவிடும் என்று சித்திரை வெயிலில்கூட மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கு நுனியில் வியர்வை தொங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிகை நிறுப்பார். நெசவாளிகள் எதிரில் சிரிக்க மாட்டார்கள், படியிறங்கியதும் சிரிப்பார்கள். ஆனால் அவருடைய எடையில் குறை சொன்னவர் ஊரில் ஒருத்தர் கிடையாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தத் தராசுப் புத்திதான் அவரை நாலு வருஷம் ஏமாற்றியது. அறுபத்தெட்டாம் வருஷம் அவர் மனைவி கனகமாலாவுக்கு மெட்ராஸில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. வலியில் கண் மூட முடியவில்லை என்று ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். புண் ஆறியது, வலி போனது, மாத்திரை மட்டும் உறவுக்காரர் போல வீட்டோடு தங்கிவிட்டது. மருந்துக் கடைக்காரர் சீட்டுக் கேட்பதையே மறந்துவிட்டார். நயினார் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வழியில் பூ வாங்குவார், வெற்றிலை வாங்குவார், தீர்ந்திருந்தால் மாத்திரையும் வாங்குவார். யாராவது விசாரித்தால், "ஒரே ஒரு மாத்திரைதான்பா. எடை போட்டா ஒரு குன்றிமணிக்குத் தேறாது" என்பார். நிஜமாகவே ஒரு நாள் அதை எடை போட்டுப் பார்த்திருந்தார்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆவணியில் கனகமாலாவின் அண்ணன் மகாவீரன் மாகறலிலிருந்து தாம்பூலத் தட்டோடு வந்தார். அவருடைய மகள் ஜ்வாலாமாலினிக்கு நிச்சயதார்த்தம். அந்தக் குடும்பத்தில் பெண்ணுக்கு முதல் பூவை அத்தைதான் வைக்க வேண்டும். ஜ்வாலாவுக்கு இருப்பது ஒரே அத்தை. ஆகவே இது அழைப்பே அல்ல, என்றைக்கு வண்டி அனுப்புவது என்று கேட்டுப் போகத்தான் அவர் வந்தார்.

கனகமாலா தட்டை வாங்கி வைத்துவிட்டு, "நான் வரலேண்ணே. உடம்பு சரியில்லே" என்றாள்.

"உடம்புக்கு இன்னா?"

"தலைவலிதான்."

"தலைவலி நம்ம ஊட்டுக்கு வந்தா போயிடப் போவுது. ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்துடலாம்மா."

ரெண்டு ராத்திரி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் வெளுத்தது. நயினார் பார்த்தார், ஆனால் தலைவலி என்றுதான் எடுத்துக்கொண்டார். மனுஷருக்குக் கண் சரிகையில் இருந்த அளவுக்கு வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

கடைசியில் நிச்சயதார்த்தத்துக்கு அவர் தனியாகத்தான் போனார். பந்தலில் அத்தனை பேரும் கனகம் எங்கே, கனகம் எங்கே என்று கேட்டார்கள். யாரோ ஒரு தூரத்து உறவுக்காரி பூ வைத்தாள். ஜ்வாலா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. புறப்படுகிறபோது மகாவீரன் வண்டி வரைக்கும் வந்து, அமைதியான குரலில் சொன்னார். "தையில கல்யாணம் மாப்ளே. அதுக்கும் அவ வரலேன்னா, எனக்குத் தங்கச்சி இல்லேன்னு நினைச்சிக்கிறேன். வேற ஒண்ணும் சொல்லலே."

நயினார் வீட்டுக்கு வந்து குதித்தார். பிறந்த வீட்டின் மேல் அப்படி என்ன கோபம், நான் ஏதாவது குறை வைத்தேனா, ஊரில் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். கனகமாலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தரம் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். அவள் கை இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அதையும் அவர் பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் விடிந்ததும் அவள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குப் போய் வர்த்தமானர் சன்னதியில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். கோயிலுக்கு அவள் போயே பல மாசம் ஆகியிருந்தது. நயினாருக்குச் சந்தோஷம். நாம் போட்ட சத்தம் வேலை செய்கிறது என்று உள்ளூர மெச்சிக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. சாமான்கள் கை தவறி விழுந்தன. பக்கத்து வீட்டில் தறி தட்டுகிற சத்தத்தைக் கேட்டே பழகினவள், அந்தச் சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு பரிமாறும்போது ரசக் கரண்டி நடுங்கி இலையெல்லாம் ரசம் ஓடியது. "இன்னா கனகம், காய்ச்சலா?" என்று அவர் தலையை நிமிர்த்துவதற்குள் அவள் சுவரோடு சாய்ந்தாள். கண் மேலே செருகியது. கையும் காலும் இழுத்துக்கொண்டன.

நயினார் எச்சில் கையோடு தெருவில் ஓடி, கிடைத்த ஜட்காவில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டர் பஞ்சாட்சரத்தின் வீட்டுக்குப் போனார்.

பஞ்சாட்சரம் நெற்றி நிறைய விபூதியும் பெரிய உடம்புமாக இருப்பவர். ஆனால் பேச்சு பஞ்சு மாதிரி. நோயாளி ஒரு வார்த்தை சொல்வதற்குள் கூட வந்தவர்கள் பத்து வார்த்தை சொல்வதுதான் இந்த ஊரின் முதல் வியாதி என்பது அவர் கட்சி. ஊசி போட்டார். இழுப்பு நின்றது. வெயில் தாழும் நேரத்தில் கனகமாலா எழுந்து உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அம்மா மருந்து ஏதாச்சும் சாப்பிடறாங்களா?"

"ஒரே ஒரு தூக்க மாத்திரை டாக்டர்" என்று நயினார் முந்திக்கொண்டார். "நாலு வருஷமா அந்த ஒண்ணுதான். ரெண்டு ஆனதே இல்லே. எடை பார்த்தீங்கன்னா..."

"மூணு நாளா அதுவும் போடலே" என்றாள் கனகமாலா. "இனிமே தொட மாட்டேன்னு கோயில்ல விரதம் எடுத்துக்கினேன்."

நயினார் அவளைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"திடீர்னு நிறுத்தினதாலதான் இழுத்திருக்குது. ஆனா நாலு வருஷத்துல ஒண்ணு ரெண்டாவலேன்னா, அந்தப் பிடி அவ்வளவு பெரிசா இருக்காதுன்னு நினைக்கறேன். எதுக்கும் கேட்டுப் பார்த்துடறேன். நயினாரே, கேள்வி அம்மாவுக்கு. நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடிக்கினு இருக்கணும்."

நயினார் வாயை மூடிக்கொண்டார். அது அவருக்குப் பெரிய விரதம்.

"ஒரு நாளாச்சும் அந்த மாத்திரையை மறந்திருக்கீங்களாம்மா?"

"இல்லே."

"மத்ததெல்லாம்?"

"மறப்பேன். அடுப்புல பாலை வெச்சிட்டு மறப்பேன். இவரு பொறந்த நட்சத்திரத்தை ஒரு வருஷம் மறந்துட்டேன். இதை மறந்ததே இல்லே டாக்டர்."

"கடையில கிடைக்கலேன்னு வெச்சிக்கோங்க. மனசு இன்னா சொல்லும்?"

"கிடைக்காம போனா வேணும்னு ரெண்டு சீசா அரிசிப் பானைக்கு அடியில புதைச்சி வெச்சிருக்குது."

நயினார் வாயைத் திறந்தார். டாக்டர் ஒரு விரலைத் தூக்கினார். வாய் மூடிக்கொண்டது.

"விட்டுடணும்னு எண்ணம் வந்திருக்குதா?"

"தினம் வரும். காலையில எழுந்ததும் இன்னியோட சரின்னுதான் அடுப்பு பத்த வைப்பேன். பொழுது சாய சாய எண்ணம் மாறி, முந்தானையில முடிஞ்சி வெச்ச மாத்திரையைக் கை தொட்டுப் பார்த்துடும்." அவள் தானாகவே தொடர்ந்தாள். "இதெல்லாம் கேட்டீங்களே, இன்னும் ஒண்ணு இருக்குது டாக்டர். அதை இவரு எதிர்லயே சொல்லிடறேன். அப்பதான் உங்களுக்கு அளவு தெரியும்."

புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குப் பன்னெண்டு வயசுல எங்க ஊருக்கு ஒரு தவத்தம்மா, எங்க மதத்துத் துறவி, வந்திருந்தாங்க. பொழுது சாஞ்சப்புறம் ஒரு பருக்கையும் ஒரு சொட்டுத் தண்ணியும் வாயில படாதுன்னு அவங்க எதிர்ல விரதம் எடுத்துக்கினேன். இருட்டுல பூச்சி பொட்டு கண்ணுக்குத் தெரியாது, தெரியாம ஒரு உசிரைக் கொன்னுடக் கூடாது, அதுக்காக. எங்க ஜனத்துல இது எல்லாருக்கும் உள்ளதுதான். மருந்துக்குத் தோஷமில்லேன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் அந்தச் சலுகையும் வெச்சிக்கலே. டைபாய்டு வந்தப்போ நாக்கு பலகையா காஞ்சிது, குடிக்கலே. வெளியூர்ல இருக்கானே என் புள்ளை, அவனைப் பெத்தது ராத்திரியில. விடியற வரைக்கும் உதட்டை நனைக்கக்கூட விடலே. இவருக்குத் தெரியும்."

நயினாருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மருத்துவச்சி கும்பிட்டுக் கேட்டும் அவள் மாட்டேன் என்றதை உறவுக்காரர்கள் இன்றைக்கும் கதையாகச் சொல்வார்கள். அவர் விஷயம் வேறு. சரிகை விற்க ஆரணிப் பக்கம் போகிறபோது விளக்கு வைத்த பிறகும் ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிடுவார். வீட்டுக்கு வரும்போது வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்வார். அவளுக்குத் தெரியாது என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"மாத்திரையை முதல்ல பொழுது இருக்கும்போதே போட்டுக்கினு இருந்தேன்" என்றாள் கனகமாலா. "போகப் போக நடு ராத்திரியிலேயே முழிப்பு வந்துடுது. கொஞ்சம் தள்ளிப் போட்டா விடியற வரைக்கும் தாங்கும்னு புத்தி சொல்லிச்சி. ஒரு நாள் விளக்கு வெச்சப்புறம் போட்டேன். தண்ணி இல்லாம வெறும் தொண்டையில முழுங்கினேன். தண்ணி குடிக்கலே, பாதிப் பாவம்தான்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். தொண்டையில ஒட்டிக்கினு எரிஞ்சிது. கொஞ்ச நாள் கழிச்சி தண்ணியும் குடிச்சேன்."

கனகமாலா நயினாரை ஒரு தரம் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுதான் டாக்டர். இவரு பொய் சொல்லலே. ஆனா பெத்த புள்ளைக்காக நான் குடிக்காத தண்ணியை, இந்த மாத்திரைக்காகக் குடிச்சேன். ரெண்டு வருஷமாக் குடிச்சிக்கினு இருக்கறேன். எங்கண்ணன் ஊட்டுல பொழுது சாஞ்சா அடுப்பை அணைச்சிட்டு எல்லாரும் ஒரே கூடத்துலதான் உக்காருவாங்க, ஒரே கூடத்துலதான் படுப்பாங்க. அங்கே ஒளிச்சிக் குடிக்க இடமில்லே. அதனாலதான் நிச்சயதார்த்தத்துக்குப் போகலே. நான் தூக்கி வளர்த்த பொண்ணுக்கு ஒரு பூ வைக்க முடியலே. இப்பச் சொல்லுங்க, இது எவ்வளவு பெருசு?"

பஞ்சாட்சரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். "பெருசுதாம்மா" என்றார். "நான் சின்னதுன்னு நினைச்சேன். எண்ணிக்கையை வெச்சி நினைச்சேன். நீங்க சொன்னதுக்கு மேல எனக்குக் கேள்வியே இல்லே."

நயினாருக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது, அரிசிப் பானையின் மேல் கோபமும் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவர் மனசில் நின்றது ஒரு மலைப்பு. வாழ்நாள் முழுக்க அவர் அடுத்தவருக்கு நிறுத்துக் கொடுத்தவர். இப்படித் தன்னையே தட்டில் ஏற்றி, விரலால் தொடாமல் நிறுத்துக் காட்டிய ஒரு ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அதுவும் தன் வீட்டிலேயே, தனக்கு ரசம் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இவ்வளவு ஆழமாக இறங்கிய மருந்தை ஒரே வெட்டாக வெட்டினால் உடம்பு தாங்காது. இன்றைக்கு வந்த இழுப்பு மறுபடி வரும், வந்தால் உயிரே போகலாம். இன்றைக்கே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாசக் கணக்கில் இறக்க வேண்டும்.

"முடியாது டாக்டர்" என்றாள் கனகமாலா. "தொட மாட்டேன்னு பகவான் எதிர்ல சொல்லியாச்சி. ஒரு விரதத்தை இதுக்காக விட்டேன். ரெண்டாவதையும் விட மாட்டேன்."

"உங்க பகவான் உங்களை உசிரை விடச் சொன்னாராம்மா?"

"அவரு சொல்லலே. நான் சொல்லிட்டேனே."

பஞ்சாட்சரம் பெருமூச்சு விட்டார். "எங்க ஏகாம்பரநாதரா இருந்தா நான் போய் சிபாரிசு பண்ணுவேன். உங்க சாமிகிட்ட எனக்குப் பழக்கமில்லே" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் நயினாரைப் பார்த்து, இனி நீங்கள் பேசலாம் என்பது போலக் கையைக் காட்டினார்.

அவள் பிடித்தால் பிடித்ததுதான் என்பது நயினாருக்குத் தெரியும். இவளை மிரட்டிப் பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை. இவளுடைய வழியிலேயே போனால்தான் உண்டு. புரட்டாசி தோறும் அவள் இருக்கிற ஒரு நோன்பு அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டில் தினம் ஒரு கவளம் குறைத்துக்கொண்டே வந்து, ஒற்றைக் கவளத்தில் நிற்பாள், மறுநாள் அதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டு அவர் அதைக் கிண்டல் செய்யாத வருஷம் கிடையாது.

"கனகம், நீ கவளம் குறைக்கற நோன்பு இருப்பியே, அதை எடுத்த அன்னிக்கே பட்டினியா கிடப்பே?"

"இல்லே. படிப்படியாத்தான்."

"அப்போ முதல் நாள் சாப்பிடற சோறு விரதபங்கமா?"

"அது எப்படி? அதுவும் நோன்புதான்." சொல்லிவிட்டு, அவர் எங்கே வருகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "அது சோத்துக்குங்க."

"இதையும் வாயிலதானே போடறே?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, சிரித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, களைத்துப் போய்ச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் போட்ட தறி மாதிரி தடங்கல் இல்லாமல் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். தொட மாட்டேன் என்று சொன்னது பிசகு, அந்தப் பிசகுக்குப் பிராயச்சித்தமாக இந்த நோன்பு முடிகிற வரை இனிப்பு தொடுவதில்லை. இறங்கின கவளம் மறுபடி ஏறக் கூடாது. எல்லாவற்றையும்விட, இன்றையிலிருந்து அது வாயில் படுவது பொழுது சாய்வதற்கு முன்னால்தான்.

"முன்னாடியே போட்டா ராத்திரியில முழிப்பு வருமேம்மா" என்றார் டாக்டர்.

"முழிச்சிக்கினு இருக்கறேன்."

"சரி. பாதியா உடைக்கலாம், காலா உடைக்கலாம். நீங்க சொல்ற மாதிரி கவளம் கவளமா இந்த மாத்திரையை யாரு குறைக்கறது?"

நயினார் எழுந்து நின்றார். "என்கிட்ட தராசு இருக்குது டாக்டர்."

அன்றையிலிருந்து கடையில் காலை முதல் வேலை அதுதான். டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் மாத்திரையைப் பொடித்து, மருந்துக்குக் கலக்கிற ருசியில்லாத மாவில் கலந்து கொடுப்பார். டாக்டர் சொன்ன அளவை நயினார் விசிறியை நிறுத்திவிட்டு நிறுத்து, பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சரிகை வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். பொழுது மேற்கே இறங்க ஆரம்பித்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பார். ஊரில் நயினாருக்கு ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று பேச்சு. அவர் மறுக்கவில்லை.

சுலபமாக இருந்தது என்று சொன்னால் அது கனகமாலாவுக்குச் செய்கிற அநியாயம். புரட்டாசி முழுக்க அவள் உள்ளங்கை ஈரம் காயவில்லை. ஐப்பசி மழையில் காரணமில்லாமல் அழுதாள், காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். ஒரு தரம் கரண்டியை வீசினாள். அது நயினாரின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. அவர் எடுத்துக் கழுவி அதன் இடத்தில் மாட்டினார். அவள் நடுக்கம் கூடினால் டாக்டர் இறக்கத்தை அங்கேயே நிறுத்தி வைப்பார். தணிந்ததும் மறுபடி ஒரு கவளம் இறங்குவாள்.

ஒரு வாரம் ரொம்ப மோசம். அவள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நயினார் தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். எடையில் கை வைத்தார். சொன்ன அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை கூட்டி மடித்தார். மறுநாள் காலையில் கனகமாலா காப்பியை அவர் எதிரில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நேத்து எடை கூடப் போட்டீங்களா?"

"யாரு சொன்னா?"

"நான் நல்லாத் தூங்கினேன்."

அவர் காப்பியைப் பார்த்தார்.

"காஞ்சிபுரத்துல உங்க எடையை நம்பாதவங்க யாரும் இல்லே. என்னையும் நம்ப வுடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது அவரை இன்னும் குத்தியது. அதற்கப்புறம் அவர் கை அந்தப் பொட்டலத்தில் நடுங்கவில்லை. இவள் இறங்குகிற படிகளில் என் இரக்கத்தைக் கொண்டுபோய்ப் போடக்கூடாது என்று தீர்மானமாக இருந்தார். இரவில் அவள் விழித்துக் கிடப்பது தெரிந்தால் தானும் விழித்திருந்து, எந்த நெசவாளி எந்தப் புடவைக் கரையில் என்ன தப்பு செய்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவளுக்குப் பட்டுப் புடவைப் பேச்சு அலுக்காது. அவருக்குத்தான் நடுவில் தூக்கம் வந்துவிடும்.

தை பிறந்தபோது பொட்டலத்தில் பேருக்குத்தான் பொடி இருந்தது. மாட்டு வண்டியில் மாகறலுக்குப் புறப்படுகிற அன்று டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள், அப்புறம் நான் நிறுத்தச் சொல்றேன். இந்த அளவுல ஒரு நாள் தவறினாலும் இழுப்பு வராது. ஆனா உடம்பு பழகிட்டா மனசு பழகிச்சான்னு எனக்குத் தெரியலே. அது அவங்களுக்குத்தான் தெரியும்" என்று நயினாரிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

மகாவீரன் வாசலில் நின்றிருந்தார். தங்கை வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டு, பந்தல்காலைச் சரி செய்கிறவர் போலக் கொஞ்ச நேரம் அதையே பிடித்து ஆட்டினார். கனகமாலா அவர் தோளைத் தொட்டு, "உள்ளே வாண்ணே" என்றாள். அவ்வளவுதான் அந்தச் சண்டை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். வீடு கொள்ளாத ஜனம். ஜ்வாலாவுக்கு ஜடை பின்னிப் பூ வைத்துத் தைக்கிற சடங்கு கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. அத்தை தலைமை. தாழம்பூவை மேலே வைப்பதா, கனகாம்பரத்தை மேலே வைப்பதா என்று கனகமாலா நாலு பெண்களோடு மல்லுக்கு நின்றாள். லட்டுத் தட்டு வந்தபோது பார்க்காமலே தள்ளிவிட்டாள். நயினார் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்துக்கொண்டு கூடத்து வாசற்படியில் நின்றார். மேற்கே பனைமரத்து இடுப்பளவுக்குப் பொழுது இறங்கியிருந்தது.

அந்த வீட்டில் வழக்கப்படி மகாவீரன் முற்றத்தில் நின்று குரல் கொடுத்தார். "பொழுது போவுது! தண்ணி குடிக்கறவங்க குடிச்சிடுங்கோ! அடுப்பு அணைக்கறாங்க!"

கூடத்தில் செம்பும் டம்ளரும் கைமாறின. யாரோ கனகமாலாவின் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்தார்கள். நயினார் ஒரு அடி முன்னால் வைத்தார். இதோ, இப்போது திரும்புவாள், கை இடுப்புக்குப் போகும், கண் என்னைத் தேடும் என்று நினைத்தார். கனகமாலா அண்ணாந்து மடமடவென்று தண்ணீரைக் குடித்தாள். ஜன்னலோரம் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அன்றையச் சாப்பாடும் தண்ணீரும் முடிந்தது என்பது போல வாயைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வந்து, "தாழம்பூதான் மேல. அத்தை சொன்னா அவ்வளவுதான்" என்று சொல்லி ஊசியைக் கையில் எடுத்தாள்.

நயினார் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தார். கூப்பிடலாமா? வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பொழுது பனையின் அடிமரத்துக்கு வந்துவிட்டது. இப்போது சொன்னால் விரதத்துக்குப் பங்கமில்லாமல் போட்டுக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டு, விளக்கு வைத்த பிறகு அவளுக்கு ஞாபகம் வந்தால்? அந்தத் தவிப்பை இத்தனை பேர் நடுவில் எங்கே ஒளிப்பாள்? பழையபடி தண்ணீர் தேடிப் போவாளா? வாயெடுத்தார். கூடத்திலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாலு வருஷத்தில் அவர் கேட்காத சிரிப்பு. எடுத்த வாயை மூடிக்கொண்டார். பொழுது விழுந்தது.

முற்றத்தில் விளக்கு ஏற்றினார்கள். அவர் அங்கிருந்து நகரவில்லை. பூக்கூடையோடு வெளியே வந்த கனகமாலா அவரைப் பார்த்து நின்றாள்.

"தண்ணியை வெச்சிக்கினு இன்னா நிக்கறீங்க? பொழுது போயிடுச்சே, செடிக்கு ஊத்துங்க." அப்புறம் அவருடைய மற்றொரு கையைப் பார்த்தாள். "அது இன்னா கையில?"

அவர் விரலைப் பிரித்தார். கசங்கின பொட்டலம்.

கனகமாலா அதைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். அவர் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது இடுப்புக்குப் போகிறதா என்று. கை பூக்கூடையைவிட்டு நகரவில்லை.

"மறந்துட்டேங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. கண் நிறைந்து வழிந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். "போனதும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒரு நாளாச்சும் மறந்திருக்கீங்களான்னு கேட்டாரே. மறந்துட்டேன்னு சொல்லுங்க."

உள்ளேயிருந்து ஜ்வாலா, "அத்தே, பாதியில வுட்டுட்டு எங்கே போனே?" என்று கூப்பிட்டாள். கனகமாலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூக்கூடையோடு உள்ளே போனாள். நயினார் டம்ளர் தண்ணீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றினார். பொட்டலத்தைப் பிரித்து அதன் மேலேயே உதறினார்.